குழி எண் நாற்பத்தொன்று

போன மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். புதிதாகச் சேர்ந்தவர். குரலில் அவ்வளவு மரியாதை. ஓய்வு பெற்றவனிடம் இவ்வளவு பணிவாகப் பேசுகிறார்கள் என்றால் அவன் செய்து வைத்த ஏதோ ஒன்று அகப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

“ஏகாம்பரம் சார்ங்களா? உங்க பட்டியல்ல நாற்பத்தொன்னாம் எண்ண அடிச்சிருக்கு சார். பக்கத்துல பென்சில்ல ‘நாற்பத்தொன்று அ, மேட்டில் பார்க்க’ன்னு எழுதியிருக்கு. நாங்க ட்ரோன் வுட்டு படம் எடுத்தோம். ரெண்டு கல்வட்டம் முழுசா இருக்கு. மத்த அஞ்சு எடத்துல வட்டமா பள்ளம் மட்டுந்தான் தெரியுது. கல்லெல்லாம் எங்க சார் போச்சு?”

“ஒரு வாரம் டைம் குடும்மா, எழுதித் தர்றேன்” என்றேன்.

அந்தப் பெண்ணின் படிவத்தில் ‘அழிவுக்குக் காரணம்’ என்ற கட்டம் இரண்டு அங்குலம் இருக்கும். எனக்கு அது போதவில்லை. அதனால்தான் இது, அவருக்கு அனுப்ப அல்ல.

முப்பத்துநான்கு வருடம் செத்தவர்களின் வீட்டை அளந்து சம்பளம் வாங்கினவன் நான். பதவியின் பெயர் கள உதவியாளர். களத்தில் இருப்பதைவிட டீக்கடையில் அதிகம் இருந்ததால் ‘டீ உதவியாளர்’ என்று அலுவலகத்தில் சொல்வார்கள். பொறாமையில் சொன்னது என்று அப்போது நினைத்தேன். இப்போது அது என் பணிப்பதிவேட்டிலேயே மிகத் துல்லியமான குறிப்பு என்று தோன்றுகிறது.

பயிற்சி மூன்று மாதம். அதில் எனக்கு ஞாபகம் இருப்பது ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒரே ஒரு நாள். கல்வட்டம் என்றால் ஆள் இடுப்பு உயரப் பாறைக் கற்களை வட்டமாக நட்டு வைத்திருப்பார்கள். நடுவில் மண்ணுக்குள் நாலு பக்கமும் கருங்கல் பலகை நிறுத்தி ஒரு பெட்டி. அதுதான் கல்பதுக்கை. உள்ளே செத்தவரின் எலும்பு, கறுப்பு சிவப்புப் பானை, துருப்பிடித்த இரும்பு. மேலே ஒரு பெரிய மூடுகல். சிலவற்றில் ஒரு பலகையில் மட்டும் வட்டமாக ஒரு துளை இருக்கும். இடுதுளை என்போம். இலையும் தழையும் வேய்ந்த குடிசையில் வாழ்ந்த சனங்கள், செத்தவனுக்கு மட்டும் கல்லில் வீடு கட்டியிருக்கிறார்கள். ஏன் என்று கேட்டால் கருத்தரங்குகளில் நாற்பது பதில் சொல்வார்கள். ‘தெரியாது’ என்ற நாற்பத்தோராவது பதிலை மட்டும் எவனும் சொன்னதில்லை. அதற்குப் பயணப்படி கிடையாது.

வட்டத்தை அளக்கும் முறை இது. முதலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பக்தியால் அல்ல. பாதி கற்கள் மண்ணில் புதைந்திருக்கும், அவற்றின் விளிம்பு வெறுங்காலுக்குத்தான் தட்டுப்படும். “கண்ணு பொய் சொல்லும், காலு சொல்லாது” என்பார் பயிற்சி கொடுத்தவர். பிறகு நடுவில் ஒரு முளை. வடக்கு தெற்காக ஒரு கயிறு, கிழக்கு மேற்காக ஒரு கயிறு. வடக்குக் கயிற்றுக்கு வலப்பக்கம் இருக்கும் முதல் கல்லுக்குச் சுண்ணாம்புக் கட்டியால் ஒன்று என்று எண் போட்டு, கடிகாரம் சுற்றும் திசையில் வரிசையாக எண் போட்டுக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு கல்லுக்கும் நீளம், அகலம், தரைக்கு மேல் உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, பக்கத்துக் கல்லுக்கு எவ்வளவு தூரம். நாடாவை ஒருவர் பிடிக்க, ஒருவர் படிக்க, ஒருவர் எழுத வேண்டும். படித்த எண்ணை எழுதுகிறவர் திருப்பிச் சொல்ல வேண்டும். கடைசியில் தண்ணீர் ஊற்றிச் சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, பதிவுத்தாளின் அடியில் ‘நேரில் அளந்து எழுதியது’ என்று கையெழுத்துப் போட வேண்டும்.

இவ்வளவும் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் ஆகிவிட்டால் செய்ய வேண்டியதில்லை என்று ஒரு வயதில் எல்லோருக்கும் தோன்றும்.

வேலைக்குச் சேர்ந்த ஆறாம் வருடம், ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில் ஓர் ஊருக்குப் பட்டியல் எடுக்கப் போனேன். ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். காரணம் கடைசியில் தெரியும். சித்திரை மாதம், உச்சி வெயில். பஸ்ஸை விட்டு இறங்கி நாலு அடி வைத்ததும் செருப்பு வார் அறுந்தது. ஊர் முழுக்கத் தோல், காற்றே தோல் வாசனை. அங்கே போய் செருப்பு அறுந்து நின்றவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டே டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

கேட்க வேண்டிய கேள்வி, “இங்கே ஈமக்குழி இருக்கிறதா?” என்பது. ஆனால் கல்லாப் பெட்டிக்கு அப்போதுதான் கற்பூரம் காட்டி முடித்த கடைக்காரரிடம் எப்படி அதைக் கேட்பது? ‘ஈமம்’ என்பதை விழுங்கிவிட்டு மிச்சத்தைக் கேட்டேன்.

“இங்க பழைய குழி ஏதாவது இருக்குதுங்களா? கல்லு வெச்சுக் கட்டினது?”

“குழியா சார்? கல்லு குழி. அதோ அந்த இடிஞ்ச கொட்டாய்க்குப் பின்னால கீது பாருங்க. எங்க தாத்தா காலத்துது.”

“எத்தன இருக்கு?”

“முன்ன ஜாஸ்தி இருந்துச்சு. மண்ணு போட்டு மூடிட்டாங்க. இப்போ ஒண்ணுதான்.” டீயை ஆற்றிக்கொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். “நீங்க பாண்டவர் வூடு கேக்கறீங்களோன்னு பாத்தேன். அது மேல மேட்டுல கீது. கல்லு வட்டம் வட்டமா நிக்கும்.”

மேட்டைப் பார்த்தேன். செருப்பைப் பார்த்தேன். “நாளைக்குப் பாத்துக்கலாம்” என்றேன். அந்த நாளை வருவதற்கு இருபத்தெட்டு வருடம் ஆனது.

கொட்டாய்க்குப் பின்னால் முள்செடிக்கு நடுவே ஒரு குழி. நாலு பக்கமும் கருங்கல் பலகை, அடியில் மண் படிந்து கிடந்தது. கிழக்குப் பலகையில் மணிக்கட்டு நுழையும் அளவுக்கு வட்டமான துளை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாடாவைப் பைக்குள்ளிருந்து எடுக்கக்கூட இல்லை. ஒற்றைச் செருப்போடு காலடி எண்ணினேன். ‘நாற்பத்தொன்று. கல்பதுக்கை. கிழக்கில் இடுதுளை. ஊரார் வழக்கு: கல்லு குழி. நேரில் அளந்து எழுதியது, ஏகாம்பரம்’ என்று எழுதிவிட்டு ஆம்பூர் போய் பிரியாணி சாப்பிட்டேன். பிரியாணி நன்றாக இருந்தது. அந்த நாளைப் பற்றி நான் உண்மையாகச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான்.

அந்தப் பக்கத்தில் குழி என்றால் ஒரே ஒரு அர்த்தம். தோல் ஊறப்போடும் குழி. பிறந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். அரசாங்கச் செலவில் மூன்று மாதம் படித்தவனுக்குத் தெரியவில்லை.

இருபத்தைந்து வருடம் அந்தத் தாள் அலமாரியில் தூங்கியது. அதை எழுப்பியவர் எங்களுக்குக் கடைசியாக வந்த அதிகாரி. பெயர் வேண்டாம். நாங்கள் அவரை ஓட்டை சார் என்போம். இடுதுளையைப் பற்றி மட்டுமே யோசிக்க அவர் இந்த உலகத்துக்கு அனுப்பப்பட்டிருந்தார். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் துளை எங்கே என்று கேட்பார். கைக்குட்டையை விரித்து அதன் மேல் முட்டி போடுவார், ஒரு கண்ணை மூடித் துளை வழியாகப் பார்ப்பார், திசைகாட்டியை வைப்பார், “கவனியுங்கள்” என்பார். நாங்கள் கவனிப்போம். அந்தப் பக்கம் பெரும்பாலும் ஆடு மேயும். செத்தவரின் ஆன்மா துளை வழியாக வெளியேறிச் சூரியனை நோக்கிப் போகிறது என்பது அவர் கொள்கை. குழிக்குள் மட்டும் அவர் இறங்கியதே இல்லை. முப்பது வருடம் கல்லறைகளைப் படித்தவர், பேண்ட்டில் மண் பட்டால் முகம் சுளிப்பார்.

நாற்பத்தொன்றைப் பார்த்துவிட்டு அவர் என் தோளைத் தொட்டார். அதற்கு முன்னாலும் பின்னாலும் அவர் யாரையும் தொட்டு நான் பார்த்ததில்லை.

“ஏகாம்பரம், சரியான கிழக்கு. பிசகே இல்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? உங்கள் கண் சாதாரணக் கண் அல்ல.”

அப்போது எனக்கு உண்மை தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம். அவர் அந்தத் துளையைப் பற்றி முப்பது பக்கம் எழுதிக் கருத்தரங்கில் படித்தார். பெரிய திரையில் துளை தெரிந்தது, எல்லோரும் கைதட்டினார்கள். என்னையும் மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். அது இன்னும் வீட்டில் இருக்கிறது. அதன் மேல் விரித்துத்தான் என் சட்டையை இஸ்திரி போடுகிறார்கள். அப்புறம் குழிக்கு முன்னால் நீலப் பலகை வந்தது: பழங்காலச் சின்னம், சுற்றிலும் கட்டடம் கட்டக்கூடாது.

அந்தப் பலகை வந்த ஆறாவது மாதம் செல்வி அலுவலகத்துக்கு வந்தாள். ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை. பழைய தோல் கொட்டாய் இருந்த இடத்தை மனை போட்டு விற்றபோது மூலையில் ஒரு துண்டு வாங்கியிருந்தாள். அப்போது பலகை இல்லை. இப்போது குழி அவள் மனையின் பின்மூலையில் இருந்தது. எங்கள் அலுவலகத்திலிருந்து கடிதம் இல்லாமல் வீடு கட்ட அனுமதி கிடையாது. வாடகை வீட்டுக்காரர் ஓடுகளைப் பிரித்து மாடி கட்டப்போகிறார், ஐப்பசி மழைக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார். அவளும், புருஷனும், இரண்டு பிள்ளைகளும், வயதான அப்பாவும் போக வேறு இடமில்லை.

“ஆவணியில கடைக்கால் போட்டாத்தான் சார் மழைக்குள்ள மேல எதுனா மூட முடியும்” என்றாள். “செத்தவனுக்கு வூடு இருக்குது, கையெடுத்துக் கும்புடறேன். எனக்கும் ஒண்ணு வேணும்ல?”

ஓட்டை சார் மனுவைப் பார்க்காமலே, “உலகத்துக்கே சொந்தமான இடம், அம்மா” என்றார்.

“உலகம் வந்து வீட்டு வரி கட்டுமா சார்?” என்று கேட்டாள் செல்வி. அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

அவள் விடவில்லை. லீவு கிடைத்த போதெல்லாம் வந்தாள். நான்காவது முறை பதிவுத்தாளின் நகலை வாங்கிப் பார்த்தாள். நான் எதிரில் உட்கார்ந்து அவள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகைச் சீட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

“இத எழுதினது யாரு சார்?”

“அது... பழைய ஆளு ஒருத்தர். இப்போ இல்ல.”

“செத்துட்டாரா?”

“அப்படித்தான் வெச்சுக்கோயேன்.”

அவள் ஒப்புகைச் சீட்டை எடுத்து நகலுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலால் இரண்டு கையெழுத்துகளின் வாலையும் தடவினாள். “ஒரு நாளைக்கு நூத்துக்கணக்குல தையல் பாக்கறேன் சார். எந்தக் கை தெச்சதுன்னு கண்ண மூடிச் சொல்லுவேன். ரெண்டும் ஒரே கை. வால் மேல போய்ட்டு திரும்ப வருது பாருங்க.” அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் அரசாங்க ஊழியனாகப் பதில் கோபம் காட்டித் தப்பித்திருப்பேன். “எங்க நைனா சொல்றாரு, அது தோலு குழின்னு. நேரா வந்து பாருங்க. அவ்ளோதான் கேக்கறேன்.”

அன்று வீட்டுக்குப் போய் முதல் முறையாக யோசித்தேன். குழி. கல்லு குழி. முன்ன ஜாஸ்தி இருந்துச்சு. செத்தவனின் கல்லறை எங்கேயாவது கொட்டாய்க்குப் பின்னால் வரிசையாக இருக்குமா? டீக்கடைக்காரர் சரியான பதில்தான் சொல்லியிருந்தார். கேள்விதான் தப்பு. அன்றைக்குச் சட்டை இஸ்திரி போட்டபோது பொன்னாடையைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் ஓட்டை சாரிடம், “ஒரு சோதனைக் குழி வெட்டிப் பாத்துடலாம் சார், எலும்பு வந்தா உங்க கட்டுரைக்கு இன்னும் பலம்” என்றேன். மனுஷனை நான் அவ்வளவு புரிந்து வைத்திருந்தேன். உடனே சம்மதித்தார்.

அந்த நாளை நிதானமாகச் சொல்ல வேண்டும். என் வேலைக்காலத்தில் நான் ஒழுங்காக வேலை செய்த நாட்களில் அது ஒன்று.

முள்ளை வெட்டி, ஒரு மீட்டர் சதுரமாக நாலு முளை அடித்துக் கயிறு கட்டினேன். செருப்பைக் கழற்றினேன். இருபத்தெட்டு வருடம் தாமதம், பரவாயில்லை. மேல்மண்ணை விரற்கடை அளவுக்குச் சுரண்டி எடுத்து, சல்லடையில் சலித்து, வந்ததைத் தனித்தனிக் கவரில் போட்டு, ஆழத்தை எழுதினேன். ஓட்டை சார் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் நின்றார். செல்வி கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அவள் அப்பா மாசிலாமணி எல்லைக்கல் மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். எழுபது வயது. முழங்கை வரைக்கும் தோல் காய்ந்த பட்டை நிறத்தில் இருந்தது.

“இன்னா சார் தேட்றீங்க?”

“மனித எலும்பு” என்றார் ஓட்டை சார்.

“எலும்பு வராது சார். தோலு வேணா வரும்.”

ஒரு சாண் ஆழத்தில் மண் கறுத்த செம்மையாக மாறியது. சிவப்பாக மரப்பட்டைத் துண்டுகள் வந்தன. மாசிலாமணி தூரத்திலிருந்தே மூக்கை உறிஞ்சினார். “ஆவாரம் பட்டை.”

“ஈமச் சடங்கில் ஆவாரைக்கு இடம் உண்டு. கவனியுங்கள்” என்றார் ஓட்டை சார்.

இரண்டு சாணில் வெள்ளைக் கட்டி வந்தது. “சுண்ணாம்பு” என்றார் மாசிலாமணி. “பக்கத்துக் குழியில இருந்து தோலோட ஒட்டிக்கினு வந்துரும். எவ்ளோ கழுவினாலும் போவாது.”

“எலும்பு மக்கிய சுண்ணாம்பாக இருக்கலாம்.”

அடுத்து ஒரு கொத்து மயிர் வந்தது. பழுப்பு நிறம். நான் அதை இடுக்கியால் தூக்கிப் பிடித்தேன். ஓட்டை சாரின் முகம் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. “இறந்தவரின் தலைமுடி. ஏகாம்பரம், உங்களுக்குப் புரிகிறதா? மூவாயிரம் ஆண்டு.”

“வெள்ளாடு சார்” என்றார் மாசிலாமணி.

செல்வி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் இடுக்கி என் கையில் இருந்தது, பட்டியலில் கையெழுத்தும் என்னுடையது, அதனால் அடக்கிக்கொண்டேன்.

ஓட்டை சார் கடைசி ஆயுதத்தை எடுத்தார். கைக்குட்டையை விரித்து முட்டி போட்டார். “பெரியவரே, இந்தத் துளையைப் பாருங்கள். எவ்வளவு நேர்த்தி. நேர்க்கிழக்கு. சூரியன் உதிக்கும் திசை. ஒரு தோல் தொட்டிக்கு யாராவது திசை பார்த்துத் துளை போடுவார்களா?”

“கெழக்காலதான் சார் பள்ளம். கால்வா அந்தாண்டதான் ஓடுச்சு. மேக்கால ஓட்ட போட்டா தண்ணி மேட்டுல ஏறுமா?”

“இந்த வட்டத்தைச் செதுக்கியவன் சாதாரண ஆள் அல்ல. அதையாவது ஒத்துக்கொள்ளுங்கள்.”

மாசிலாமணி டீ டம்ளரைக் கீழே வைத்தார். “சாதாரண ஆளுதான் சார். நான்தான் போட்டேன்.”

காகம் ஒன்று மட்டும் ஏதோ கருத்துச் சொன்னது.

“கலியாணத்துக்கு முன்னாடி” என்றார் அவர். “அதுக்கு முன்ன ஓட்ட இல்ல. குடத்துல மொண்டு மொண்டு ஊத்தணும். இடுப்பு வுட்டுப் போய்டும். உளி வாங்கியாந்து பத்து நாளு உக்காந்து நான்தான் குடைஞ்சேன். முதலாளி திட்டினாரு, அப்பால மத்த குழிக்கும் போடச் சொன்னாரு.”

“ஆதாரம்?” என்றார் ஓட்டை சார்.

மாசிலாமணி எழுந்து வீட்டுக்குப் போனார். கால் மணி நேரத்தில் ஒரு கட்டையோடு திரும்பினார். வேப்ப மரக்கட்டை, ஒரு பக்கம் கூம்பாகச் சீவியது. அதில் சாக்குத் துணி சுற்றிய தடம் இருந்தது. “கதவு காத்துல அடிச்சுக்காம இருக்க முட்டுக் குடுத்து வெச்சிருந்தோம்” என்றாள் செல்வி. அவர் குழிக்குள் இறங்கினார். எங்கே கால் வைக்க வேண்டும் என்று பார்க்கக்கூட இல்லை, கால் தானாகப் போனது. கட்டையைத் துளையில் வைத்து உள்ளங்கையால் இரண்டு தட்டு. ஆன்மா போகும் வழி அடைந்துவிட்டது.

ஓட்டை சார் அப்போதும் தோற்கவில்லை. தோற்கிறவர்கள் அதிகாரி ஆவதில்லை. “மூவாயிரம் ஆண்டு மரபு இந்தப் பெரியவர் கையில் தொடர்கிறது. துளையை அடைக்கும் சடங்கு. ஏகாம்பரம், இதற்கு ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம்.” பிறகு என்னை ஓரமாக அழைத்தார். “பட்டியலை மாற்ற வேண்டுமானால் அது தவறான பதிவு என்று எழுதியவரே எழுதித் தர வேண்டும். அளக்காமல் கையெழுத்துப் போட்டதற்கு மெமோ வரும். உங்களுக்கு ஓய்வு பெற இரண்டு மாதம். யோசியுங்கள்.”

நான் யோசித்தேன். பெரிய தியாகி மாதிரி எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், செல்வி வந்து பக்கத்தில் நின்றாள். “நீங்கதான சார் எழுதினீங்க. நீங்களே அடிச்சிடுங்க. மழ வந்துடும்.” அதில் கெஞ்சல் இல்லை. தப்பாகத் தைத்ததைத் தைத்தவனிடமே திருப்பிக் கொடுப்பார்களே, அந்தத் தோரணை. கொடுத்தால் பிரிக்கத்தான் வேண்டும்.

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து எழுதினேன். ‘எண் நாற்பத்தொன்று தோல் பதனிடும் குழி. கல்பதுக்கை அல்ல. நேரில் அளந்து எழுதியது என்று நான் எழுதியது பொய். ஒற்றைச் செருப்போடு காலடி எண்ணி எழுதியது.’ நீலப் பலகை போனது, மெமோ வந்தது. வழியனுப்பு விழாவில் எனக்கு மாலை போடும்போது ஓட்டை சார் பாதி மாலையைத்தான் போட்டார், மீதி தோளில் தொங்கியது. அவருடைய முப்பது பக்கம் அச்சாகிவிட்டது. அதை இன்றைக்கும் யாரோ எங்கேயோ மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பார்கள். மாசிலாமணி போட்ட ஓட்டைக்கு வயது மூவாயிரம்.

ஆவணியில் அஸ்திவாரக் கடைக்கால் போட்டு, ஐப்பசி மழை முதல் தூறல் போடுவதற்குள் ஓடு போட்டு மூடிவிட்டாள் செல்வி. புதுமனை புகுவிழாவுக்குச் சொல்லி அனுப்பினாள். போனேன். இரண்டு அறை, ஒரு சமையலறை. சுவர் இன்னும் பூசவில்லை. பின்மூலையில் குழியை அப்படியே விட்டு, தண்ணீர்த் தொட்டியாக்கியிருந்தார்கள். மாசிலாமணி தன் ஓட்டையைத் தன் கட்டையாலேயே அடைத்திருந்தார்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்து லட்டு கொடுத்தார்கள். பாதி லட்டு வாயில் இருக்கும்போது குனிந்து கடைக்காலைப் பார்த்தேன். தரைக்கு மேல் ஒரு முழம் தெரிந்தது. பெரிய பெரிய உருண்டைக் கற்கள். வெடி வைத்து உடைத்தவை அல்ல. ஒவ்வொன்றிலும் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்கு மேலே வெயிலும் மழையும் பட்டுக் கறுத்த நிறம், கீழே மண்ணுக்குள் இருந்த வெளிர் நிறம். நட்டு வைத்த கல்லில் மட்டும் அப்படிக் கோடு விழும். பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள்.

“இந்தக் கல்லு ஏதும்மா?”

“மேட்டுல இருந்து சார். டிராக்டர்காரன் கொண்டாந்து கொட்டினான். ஊருல எல்லா வூட்டுக்கும் அங்க இருந்துதான். பாண்டவர் வூட்டாண்ட சும்மா வட்டமா கெடக்குது, யாரும் கேக்க மாட்டாங்க.” அவள் என் முகத்தைப் பார்த்தாள். “ஏன் சார் கல்லையே பாக்கறீங்க? நல்லா இல்லியா?”

“நல்ல கல்லும்மா.”

“மேஸ்திரியும் சொன்னாரு. ஆயிரம் வருஷம் நிக்கும்னாரு.”

“அதுக்கு மேலயே நிக்கும்” என்றேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அன்றைக்கு மாலையே மேட்டில் ஏறினேன். செருப்பு அறுந்த நாளில் அரை மணி நேரத்தில் ஏறியிருப்பேன். இப்போது முட்டி வலியோடு ஒன்றரை மணி நேரம். ஏழு வட்டம் இருந்திருக்கிறது. ஐந்தில் கற்களைப் பிடுங்கிய பள்ளம் மட்டும், பல் விழுந்த ஈறு மாதிரி. நடுவில் பலகைகளையும் தூக்கிவிட்டார்கள். பானை ஓடு சிதறிக் கிடந்தது. உள்ளே இருந்தவர் யார், எத்தனை பேர், ஏன் இவ்வளவு பாடுபட்டு வைத்தார்கள், எதுவும் இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. டிராக்டர் ஏற முடியாத சரிவில் இரண்டு வட்டம் மட்டும் முழுசாக நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். புதைந்த கல்லின் விளிம்பு காலில் தட்டியது. நீலப் பலகை இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னாலேயே இங்கே வந்திருக்க வேண்டும். அதை நான் ஆட்டு மயிருக்கு வைத்துக் கொடுத்தேன்.

மறுநாள் அலுவலகம் போய்ப் பழைய சிநேகிதனிடம் கேட்டு, என் பட்டியலை எடுத்துப் பென்சிலால் எழுதிவிட்டு வந்தேன். ‘நாற்பத்தொன்று அ, மேட்டில் பார்க்க.’ பேனாவால் எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெண் மறுபடி போன் செய்தார். இரண்டு வட்டத்தையும் முறைப்படி அளந்து முடித்துவிட்டார்களாம், நாடா பிடித்து, கல்லுக்குக் கல் எண் போட்டு. கேட்கச் சந்தோஷமாக இருந்தது.

“மத்த அஞ்சுக்குத்தான் சார் கட்டம் காலியா இருக்கு. கல்லு எங்க போச்சுன்னு தெரிஞ்சா நல்லது.”

“தெரியாதும்மா” என்றேன். அந்த நாற்பத்தோராவது பதிலை நான் சொன்னது அப்போதுதான். அதுவும் பொய்யாக. ஊர்ப் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்று இப்போது புரிந்திருக்கும். செல்வியின் வாசலுக்கு இன்னொரு தடவை நீலப் பலகை வரக்கூடாது.

“சரி சார். அழிவுக்குக் காரணம்? குவாரின்னு போடட்டுமா, விவசாயம்னு போடட்டுமா?”

“ரெண்டும் வேணாம். செருப்பு வார் அறுந்ததுன்னு போடு.”

“சார், நான் சீரியஸா கேக்கறேன்.”

“நானும் சீரியஸாதாம்மா சொல்றேன். பக்கத்துல பிராக்கெட் போட்டு என் பேரையும் எழுதிக்கோ. இந்தத் தடவ நேரில் அளந்துதான் சொல்றேன்.”